ஒழுக்கமுள்ள மண்ணெண்ணெய்

பல்லேபொலச் சந்தியில் புஹாரி கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஹோக்ஸ்பி அன்ட் டன் எண்ணெய்க் கம்பெனியின் தகரப் பலகை தொங்கியது. கம்பெனியின் பெயருக்குக் கீழே "ஒளியும் ஒழுக்கமும்" என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியின் மண்ணெண்ணெயைப் பீப்பாயிலிருந்து போத்தல் போத்தலாக அளந்து விற்று வந்ததால் ஒளியைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒழுக்கத்தைப் பற்றி அவர் யோசித்ததில்லை. அதைக் கொழும்பில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்.

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் திகதி கம்பெனி லொறி வந்து பீப்பாயை நிரப்பிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த வீட்டில் ஹமீமா குப்பி லாம்பைப் பற்ற வைத்தாள். ஹமீமா தையல்காரி. மறுநாள் கொடுக்கவேண்டிய இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்திருந்தாள். லாம்பு வெடித்தது. வலது கை விரலிலிருந்து முழங்கை வரையும், கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. அவளுடைய புருஷன் றஹீம் தம்புள்ளையில் பலகை அரியும் மரக்காலை ஒன்றில் வேலையில் இருந்தான். புஹாரிதான் தேங்காய் ஏற்றிவந்த ஒரு லொறியை மறித்து, அவளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அவர் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சோசரில் ஊற்றி முற்றத்தில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்தார். குச்சியை அவர் சோசர் வரை கொண்டுபோகத் தேவைப்படவில்லை. ஒரு சாண் தூரத்திலேயே நெருப்பு எழுந்து வந்து வாங்கிக்கொண்டது.

அவர் கடையைப் பூட்டிவிட்டு, தள்ளுவண்டியில் வெறும் தகரங்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்தப் பீப்பாயிலிருந்து நாற்பத்து மூன்று வீடுகளுக்கு எண்ணெய் போயிருந்தது. நாற்பத்திரண்டு வீடுகளில் திரும்ப வாங்கிவிட்டார். ஒரு வீட்டில் மட்டும் அதைக் கறையானுக்கு ஊற்றி முடித்திருந்தார்கள். கறையான் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று வீட்டுக்காரர் எண்ணெயை மிகவும் புகழ்ந்தார்.

கம்பெனியின் டிப்போ மாத்தளை ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா பருத்தித்துறைக்காரர். புஹாரி ஒரு போத்தலை அவருடைய மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"மூடும், மூடும்!" என்று ஸ்ரீஸ்கந்தராஜா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இங்க சிகரெட் பத்துற ஆக்கள் இருக்கினம்."

"அப்ப உங்களுக்கும் மணக்குதுதானே ஐயா?"

"எனக்கு மணக்கேல்லை. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு."

பிறகு அவர் மஞ்சள் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் விபத்துக்குக் காரணம் என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள் இருந்தன. விளக்கின் குறை, திரியின் குறை, பாவித்தவரின் கவனக்குறைவு, இயற்கை.

"எண்ணெயில பிழைன்னு எங்கங்க எழுதுறது?"

"அதுக்கு இடமில்லை."

"ஏன் இல்ல?"

"முப்பது வருசமா ஒருத்தரும் அப்பிடி எழுதேல்லை. ஆனபடியால் இடம் தேவைப்படேல்லை."

"இடம் இருந்தாத்தானே ஐயா எழுதுவாங்க?"

ஸ்ரீஸ்கந்தராஜா பேனாவை அவர் பக்கம் தள்ளினார். "நீர் கெட்டிக்காரன். எண்டாலும் இயற்கை எண்டு போடும். அதில ஒருத்தருக்கும் மனவருத்தமில்லை."

புஹாரி நான்கு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, ஓரத்தில் "எண்ணெயில் பெற்றோல் கலந்திருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஸ்ரீஸ்கந்தராஜா படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரோடு கேற் வரை நடந்து வந்தார். அங்கே நின்று, ரெயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"முதல் நாள் அந்த லொறியில பெற்றோல் வந்தது. தாங்கியைக் கழுவினால் அரை நாள் போகும். கழுவ வேண்டாமெண்டு கொழும்பில இருந்து ஓடர். நான் சொல்லேல்லை."

"இப்ப சொன்னீங்களே ஐயா."

"சொன்னன். ஆனா நான் சொல்லேல்லை."

புஹாரி கொடுத்த முறைப்பாட்டைப் பொலிசில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எண்ணெயைப் பற்றிப் பொலிசுக்கு என்ன தெரியும்? எண்ணெயைப் பற்றித் தெரிந்தது எண்ணெய்க் கம்பெனிக்குத்தான். ஆகவே கம்பெனியின் எண்ணெய் நல்லதா என்று கம்பெனியிடமே கேட்டு எழுதினார்கள். நல்லது என்று கம்பெனி உடனே பதில் போட்டது.

பத்து நாள் கழித்துக் கறுப்புக் கார் ஒன்று பல்லேபொலைக்கு வந்தது. அதிலிருந்து கம்பெனியின் பெரிய மனேஜர் பெம்பர்டன் துரையும், ஒழுக்க நற்பெயர்ப் பகுதியின் தலைவர் ஆறுமுகநாதனும், ஒரு புகைப்படக்காரரும் இறங்கினார்கள். ஒழுக்க நற்பெயர்ப் பகுதி அந்த வருஷம்தான் தொடங்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பாராளுமன்றத்தில் யாரோ கேட்டுவிட்டதால் அதில் எட்டுப் பேரை நியமித்திருந்தார்கள். லொறித் தாங்கி கழுவும் பகுதியில் அதுவரை இரண்டு பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கு இடம் தேவைப்பட்டதால் அந்த இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள்.

விசாரணை ஹமீமாவின் வீட்டில் நடந்தது. துரை கரி படிந்த சுவரை வெளியில் நின்றே பார்த்தார். ஆறுமுகநாதன் உடைந்த லாம்பின் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதினார்.

"இது என்ன போத்தலில செய்த லாம்பு? சாராயப் போத்தலோ?"

"முஸ்லிம் வீடுங்க ஐயா. இருமல் மருந்துப் போத்தல்" என்றார் புஹாரி.

ஆறுமுகநாதன் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். விளக்கு நோயாளி வீட்டிலிருந்து வந்தது என்பது கவனிக்கத் தக்க விஷயம் என்று துரை அபிப்பிராயப்பட்டார்.

புஹாரி எண்ணெய்ப் போத்தலை நீட்டினார். "இதயும் கொஞ்சம் மோந்து பாருங்க ஐயா."

துரை வாசனைத் திரவியம் போட்ட கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். ஆறுமுகநாதன் பொறுமையாக விளக்கினார்: "புஹாரி, நாங்கள் கம்பெனி எண்ணெயைத்தான் பரிசோதிக்கலாம். கம்பெனி எண்ணெயில பிழை இருக்காது. இதில பிழை இருக்கெண்டு நீரே சொல்லுறீர். அப்ப இது கம்பெனி எண்ணெய் இல்லை. வேற ஆக்களின்ர எண்ணெயை நாங்கள் பரிசோதிக்கிறது ஒழுக்கமில்லை."

"உங்க லொறிதானே ஐயா ஊத்தினிச்சு?"

"லொறி கம்பெனியின்ரைதான்" என்று ஆறுமுகநாதன் ஒப்புக்கொண்டார்.

வெயில் கடுமையாக இருந்தது. துரையின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனதைப் பார்த்த புஹாரி, பகைக்காரனுக்கும் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று ஒரு செவ்விளநீரைச் சீவி நீட்டினார். துரை அதைப் பாம்பைப் போலப் பார்த்தார். ஆறுமுகநாதனின் முகம் மலர்ந்தது.

"அசையாதையும்! அப்பிடியே பிடியும்!" என்று கத்தி, புகைப்படக்காரரை ஓடிவரச் செய்தார். புஹாரி இளநீரை நீட்டியபடி நிற்க, துரை உள்ளங்கையை உயர்த்தி மறுப்பதுபோல நின்றார். முதல் படத்தில் துரையின் கண் மூடிவிட்டது. இரண்டாவதில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான்காவது படம் எடுக்கும்போது துரைக்கு நாக்கு வறண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கம்பெனியின் ஒழுக்கக் கோவை, ஏழாம் பிரிவின்படி, அதிகாரிகள் கம்பெனியின் எண்ணெயை விற்கும் முகவரிடம் எந்த அன்பளிப்பையும் வாங்கக் கூடாது. பிறகு அவர்கள் ரெஸ்ட் ஹவுசுக்குப் போய், கம்பெனிக்கு லொறி கொடுக்கும் கொந்தராத்துக்காரர் வைத்த விருந்தைச் சாப்பிட்டார்கள். கொந்தராத்துக்காரர் முகவர் அல்ல.

படம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. "ஓர் இளநீர்கூட வேண்டாம்: எண்ணெய்க் கம்பெனி அதிகாரியின் நேர்மை" என்று தலைப்பு. விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. காரணம்: இயற்கை.

ஹமீமா ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கத்தரிக்கோல் வளையத்துக்குள் பெருவிரல் போனால் மற்ற விரல்கள் வரவில்லை. தைக்கக் கொடுத்திருந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக மடித்து, உரியவர்களிடம் திருப்பி அனுப்பினாள்.

அந்தக் கிழமை ஆறுமுகநாதன் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு வந்தார்.

"மாத்தளை நகர மண்டபத்தில ஒழுக்க விழா வைக்கிறம் புஹாரி. உமக்கு நேர்மைக் கேடயம் குடுக்கப்போறம்."

"எனக்கா? எதுக்குங்க?"

"நாற்பத்திரண்டு வீட்டில எண்ணெயைத் திருப்பி எடுத்தீர் எல்லோ? அது பெரிய விசயம். கம்பெனியின்ர உத்தரவுப்படி செய்தனெண்டு இதில ஒரு கையெழுத்து வையும்."

"கம்பெனி ஒரு உத்தரவும் தரலியே ஐயா. நீங்க வந்ததே பத்து நாள் கழிச்சு."

"உத்தரவு இருந்தது. உமக்கு வந்து சேரேல்லை."

புஹாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய் நல்லதுன்னு இதில எழுதியிருக்கு. நல்ல எண்ணெய ஏன் திருப்பி எடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அதுதான் ஒழுக்கம்!" என்று ஆறுமுகநாதன் மேசையில் தட்டினார். "பிழையில்லாத எண்ணெயையே திருப்பி எடுக்கிற கம்பெனி உலகத்தில வேற எங்க இருக்கு?"

புஹாரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். விழாவில் பதில் சொல்கிறேன் என்று சொல்லி, கையெழுத்து வைக்காமலே அவரை அனுப்பிவிட்டார். ஹமீமாவுக்கும் ஓர் அழைப்பு இருந்தது. கம்பெனி அவளுக்குப் புது லாம்பு பரிசளிக்கப் போகிறதாம்.

"லாம்பா?" என்று கேட்டுவிட்டு ஹமீமா இடது கையால் உறையைப் பிரித்தாள். அழைப்பிதழில் அவளுடைய பெயரைப் பொன் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"நீ வர வேணாம் தங்கச்சி. நான் போய் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

"இல்ல புஹாரி நானா, நானும் வாரேன். எண்ட கைய அவங்க இன்னும் பார்க்கல்லதானே."

மண்டபம் நிரம்பியிருந்தது. வந்தவர்களுக்குக் கம்பெனியின் பெயர் பொறித்த விசிறி கொடுத்தார்கள். மேடையில் பெம்பர்டன் துரை, ஆறுமுகநாதன், கொழும்பிலிருந்து வந்த இன்னும் இரண்டு அதிகாரிகள். ஸ்ரீஸ்கந்தராஜா கீழே முதல் வரிசையின் மூலையில் இருந்தார். துரை இங்கிலீஷில் பேச, ஆறுமுகநாதன் அதைத் தமிழாக்கினார்.

"எங்கள் கம்பெனி மீது முப்பது வருஷத்தில் ஒரு குற்றம்கூட நிரூபிக்கப்படவில்லை. ஏனென்றால் எல்லா விசாரணைகளையும் நாங்களே பொறுப்போடு நடத்தியிருக்கிறோம். (கைதட்டல்.) எண்ணெயைச் சுத்தம் செய்வதற்குச் செலவிடுவதைப் போல நான்கு மடங்கை நாங்கள் ஒழுக்கத்துக்குச் செலவிடுகிறோம். (பலத்த கைதட்டல்.) சில கம்பெனிகள் தவறு நடந்த பிறகு வருந்துகின்றன. நாங்கள் அப்படியல்ல. வருந்துவதில்லை. எங்கள் அதிகாரிகள் எவரும் இன்றுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. தெரியாததைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருக்கிறோம்."

இதற்கும் கை தட்டினார்கள். துரை தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஹமீமாவை மேடைக்கு அழைத்தார்கள். புஹாரியும் கூடவே ஏறினார். நீலக் கண்ணாடிப் புகைக்கூண்டு வைத்த அழகான மேசை லாம்பு ஒன்றைத் துரை கையில் எடுத்தார். ஹமீமா வலது கையை நீட்டினாள். துரையின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. புகைப்படக்காரர் கமெராவைத் தாழ்த்திவிட்டு ஆறுமுகநாதனைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்று ஆறுமுகநாதன் குனிந்து மெதுவாகச் சொன்னார், "இடது கையால வாங்குங்கோ. அந்தக் கையைச் சேலைக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ. படம் வடிவா வரும்."

ஹமீமாவின் குரல் பெரிதல்ல. ஆனால் ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"இந்தக் கையாலதான் உங்க எண்ணெய ஊத்தினேன். லாம்பையும் இந்தக் கையாலதான் வாங்குவேன்."

மண்டபத்தில் விசிறிகள் நின்றன. துரை லாம்பை அந்தக் கையில் வைத்தார். விரல்கள் பிடிக்கவில்லை. விழ இருந்த லாம்பைப் புஹாரி தாங்கிப் பிடித்து மேசையில் வைத்தார். அப்படியே புகைக்கூண்டைக் கழற்றி, திரிக்கூட்டைத் திருகி எடுத்தார். கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து லாம்பை நிரப்பினார். மணம் முதல் வரிசை வரை போனது. திரியைப் பொருத்தி, ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துத் துரையின் முன்னால் வைத்தார்.

"மார்ச் பதினாலாந் திகதி நீங்க தந்த எண்ணெய்தான் தொரை. நல்ல எண்ணெய்ன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. பத்த வையுங்க. நானும் பக்கத்துலயே நிக்கிறேன்."

ஆறுமுகநாதன் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. துரை ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோர் அடி. நாற்காலி ஒன்று விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளும் பின்பக்கப் படியால் இறங்கிப் போனதை, அவர்கள் போன பிறகுதான் சபை கவனித்தது. துரை அவர்களுக்குப் பின்னால் போனார். ஆறுமுகநாதன் கடைசியாகப் போனார். போகும்போது மறக்காமல் கேடயத்தை எடுத்துக்கொண்டு போனார்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் குழந்தைகளோடு இருந்த பெண்கள் அவர்களை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் காறி, வாசலுக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து மேடைக்கு வந்தார். நெருப்புப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காணும் புஹாரி, விடும்," என்றார். "எல்லாரும் கண்டாச்சு."

மூன்றாம் நாள் கடைக்குப் பதிவுத் தபால் வந்தது. புஹாரியின் முகவர் உரிமை ஒழுக்கக் குறைவு காரணமாக இரத்துச் செய்யப்பட்டிருந்தது. கூடவே அவர்மீது வழக்குத் தொடரவும் கம்பெனி யோசிக்கிறதாம். புஹாரி கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஹமீமாவையும் கூட்டிக்கொண்டு, மாத்தளையில் வழக்குப் பேசும் புரொக்டர் நுஹ்மானிடம் போனார்.

நுஹ்மான் முதலில் சாய்ந்து உட்கார்ந்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமாக வாசித்தார்: "'மார்ச் பதினான்காம் திகதி கம்பெனியால் வழங்கப்பட்டதும், பெற்றோல் கலந்ததும், கடுமையாகத் தீப்பற்றக்கூடியதுமான எண்ணெயைப் பொது மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கம்பெனி அதிகாரிகளின் உயிருக்கு ஆபத்து விளைவிக்க முயன்றீர்.' கீழ கையெழுத்து பெம்பர்டன். யாரு இது, புஹாரி நானா? கம்பெனியில நமக்கு வேண்டிய ஆள் யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. அவங்க என்ட ஒழுக்கத்தப் பத்தி எழுதியிருக்காங்க."

"அவங்க உயிருக்கு ஆபத்துன்னு வந்ததும் எண்ணெய் கெட்டுப்போச்சு" என்றார் நுஹ்மான். அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு வாசலில் நின்ற ஹமீமாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இத என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. பத்திரமா வைக்கிறேன்."

ஹமீமாவின் சார்பில் நுஹ்மான் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். அது எட்டு மாதம் இழுத்தது. கடிதத்தில் ஒரு சிறு எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டது, "பெற்றோல் கலந்ததும், கடுமையாகத் தீப்பற்றக்கூடியதுமான" என்பதை "எண்ணெய்க்குரிய இயல்புள்ள" என்று வாசிக்கவேண்டும் என்று கம்பெனியின் வழக்கறிஞர் வாதாடினார். தம் கட்சிக்காரர்கள் ஓர் இளநீரைக்கூட வாங்காதவர்கள் என்று பத்திரிகைப் படத்தையும் நீட்டினார். நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு, துரை எப்போது சாட்சிக் கூண்டில் ஏறுவார் என்று கேட்டார். துரை உடல்நலம் கருதி இங்கிலாந்து போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே அவர் ஆசியா முழுவதற்கும் கம்பெனியின் ஒழுக்கத்தை மேற்பார்க்கும் பதவிக்கு உயர்த்தப்பட்டிருந்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். விழா முடிந்த மறுகிழமையே அவரைத் திருகோணமலைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து தன் செலவில் பஸ் ஏறி வந்தார். லொறித் தாங்கி கழுவப்படவில்லை என்று கூண்டில் நின்று சொன்னார். யாருடைய உத்தரவு என்று கேட்டபோது, ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெயரையும் சொன்னார். அன்றோடு அவருக்குக் கம்பெனியில் வேலை இல்லாமல் போயிற்று.

கம்பெனியின் பிழைதான் என்று தீர்ப்பானது. ஹமீமாவுக்கு நட்டஈடு கொடுக்கவும், தாங்கிகளைக் கழுவவும் நீதிபதி கட்டளையிட்டார். கட்டளையைக் கேட்டுக்கொண்டிருந்த ஹமீமா, பழக்கத்தில் வலது கையால் முக்காட்டைச் சரிசெய்யப் போய், பிறகு இடது கையால் செய்தாள்.

நீதிமன்ற வராந்தாவில் ஆறுமுகநாதன் அவர்களிடம் வந்தார். களைத்துப்போய் இருந்தார். பக்கத்தில் புகைப்படக்காரர் யாரும் இல்லை.

"ஒண்டும் மனசில வைச்சுக்கொள்ளாதேங்கோ தங்கச்சி. நாங்களும் பிள்ளை குட்டிக்காரர்தான். என்ர பெண்சாதி சுசீலாதேவி, பேப்பரில உங்கட கதையை வாசிச்சுப்போட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடேல்லை. என்னைத்தான் ஏசினவ. நான் என்ன செய்ய? சொன்னதைச் செய்யிற உத்தியோகம்."

புஹாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹமீமா மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவளைப் போலக் கேட்டாள்:

"உங்க வீட்டுல என்ன லாம்புங்க பாவிக்கிறீங்க?"

"எங்கட வீட்டிலயோ?" என்றார் ஆறுமுகநாதன். "எங்களுக்குக் கரண்ட்தானே."

அந்த வழக்கு முழுவதிலும் கம்பெனியின் வாயிலிருந்து தயங்காமல் வந்த உண்மை அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது போலிருந்தது. வாயைத் திறந்து வேறென்னவோ சொல்லப் பார்த்தார்.

ஹமீமா அதற்குள் புஹாரியோடு வராந்தாப் படியில் இறங்கியிருந்தாள்.